‘கூட நிக்கேன்’ என்று சொன்னது

வீடு சந்திக்கும் ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமாருக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் கூட்டத்தில் வந்து பேசச் சொல்லி நம் போதகரின் மனைவி ஐயரம்மா ஆள் அனுப்பினார்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது. அடுப்படியிலோ தொட்டில் பக்கத்திலோ உட்கார்ந்து ஒரே ஒரு ஆளிடம் பேசுவேன். என் ஊழியம் முழுக்க அப்படித்தான் நடந்தது. அதனால் எழுதித் தருகிறேன். அஞ்சாப்போடு படிப்பு நின்றவள் எழுதியது. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எப்படி ஜெபிக்க வேண்டும், எந்த வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பதையெல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் பயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் வீடு சந்தித்துக்கொண்டிருந்தேன். நம் ஊழியத்துக்கு உண்டான வெள்ளைச் சேலை, கையில் ஒரு பை, பைக்குள் வேதாகமம். பிள்ளைகள் ‘பைபிளம்மா வாராக’ என்று முன்னால் ஓடிச் சொல்லும். அந்தத் தெருக்களில் ஒரு வளவு இருந்தது. முன்னால் தறி முதலாளியின் காரை வீடு, பின்னால் ஒரே முற்றத்தைச் சுற்றி வாடகைக்கு விட்ட சின்னச் சின்ன வீடுகள். அதில் ஒரு வீட்டில் பொன்னுத்தாய் இருந்தாள். முதலாளியின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை. வீடும் அவருடையது, வேலையும் அவருடையது. ஞானஸ்நானம் எடுக்கவில்லை. புதன்கிழமை நடக்கும் பெண்கள் கூட்டத்துக்கு வந்து கடைசியில், நிலைப்படி ஓரமாக உட்காருவாள். பாட்டு வந்தால் எல்லாரும் கை தட்டுவோம். அவள் மட்டும் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். என்னைப் போலக் கூச்சக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கூட்டத்துக்கு வர ஆரம்பிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் முதலாளி வீட்டு மருமகள் சாந்தி செத்துப்போயிருந்தாள். சேத்தூர்ப் பெண். கல்யாணம் ஆகி ரொம்ப நாள் ஆகவில்லை. ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். பின்பக்கம் தகரக் கதவு போட்ட அடுப்படியில் இருந்தாளாம். உள்ளே தாழ் போட்டிருந்ததால் காப்பாற்ற முடியவில்லையாம். நானும் போய்த் துக்கம் கேட்டுவிட்டு, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை கூட்டம் முடிந்து எல்லாரும் போன பின்னும் பொன்னுத்தாய் போகவில்லை.

“அம்மா, செத்த நேரம் இருங்க. நான் சாட்சி சொல்லணும்னு நெனைக்கேன்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் சபையில் சாட்சி சொல்வது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று பத்துப்பேர் முன்னால் சொல்வது. நிலைப்படியைத் தாண்டி உள்ளே வராத பெண் சாட்சி சொல்ல வருகிறாளே என்று பூரித்துப்போனேன்.

“சொல்லு தாயி. எத்தன நாளு மனசுக்குள்ளயே வச்சிருப்ப?”

“பயமா இருக்கும்மா. நெனச்சாலே நாக்கு ஒட்டிக்கிருது.”

“எல்லாருக்கும் அப்படித்தான். எந்திச்சி நின்னுட்டா பொறவு தானா வரும். ஜோடிச்சுச் சொல்லாத. கண்டது எம்புட்டோ அம்புட்டச் சொல்லு, போதும்.”

“சொன்னா எங்கள இங்க இருக்க விடமாட்டாகம்மா.”

கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் ஏசுவார்கள் என்பதைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

“வையத்தான் செய்வாக. கொஞ்ச நாளு மொகம் குடுத்துப் பேசமாட்டாக. அதுக்காக வாயப் பூட்டிக்கிட்டா இருக்க முடியும்? ஒங்க வீட்டுக்காரரு என்ன சொல்லுதாரு?”

“நமக்கெதுக்குட்டி வம்புங்காரு.”

“ஆம்பளைக மொதல்ல அப்படித்தான் சொல்வாக. நீ பயப்படாத. நானும் கூட நிக்கேன்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“நெசமாவா? கூட நிப்பீகளா?”

“நிக்கேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரு சாட்சிக்கு நேரம் விடும்படி சபைப் போதகர் ஐயரிடம் சொல்லி வைத்தேன். பிரசங்கம் முடிகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னுத்தாய் வரவில்லை. கடைசி நேரத்தில் பயந்துவிட்டாள் போல என்று நினைத்தேன்.

மறுநாள் அவளே என் வீட்டுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது.

“சொல்லிட்டேம்மா. நீங்க சொன்ன மாதிரியே, கூட்டாமக் கொறைக்காமச் சொல்லிட்டேன்.”

“எங்க சொன்ன?”

“விசாரணைக்கு ஆபீசர் வந்திருந்தாருல்லா, அவருகிட்ட. எழுதிக்கிட்டாரு. கைநாட்டு வச்சிட்டேன். கோர்ட்டுல வந்து சொல்வியான்னு கேட்டாரு. சொல்வேன், எங்க பைபிளம்மா கூட நிப்பாகன்னேன்.”

முந்தானைக்குள் இருந்த வலது கையை அன்றைக்குத்தான் எடுத்து நீட்டினாள். உள்ளங்கையில் குறுக்கே விரல் பருமனுக்கு ஒரு தீக்காயத் தழும்பு. சாந்தி கத்திய சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் இவள். தகரக் கதவின் நாதாங்கியைப் பிடித்து இழுத்துத் திறந்தவளும் இவள்தான். இரும்பு அவ்வளவு சூடு.

“நாதாங்கி வெளிப்பக்கமா போட்டிருந்துச்சும்மா,” என்றாள். “நாந்தான் தெறந்தேன்.”

உள்ளே தாழ் போட்டிருந்தது என்று ஊர் முழுக்கச் சொன்னார்களே, தங்கச்சிமாரே, அந்தத் தாழ் வெளியே இருந்ததைப் பார்த்தவள் உலகத்தில் இவள் ஒருத்திதான். அப்போது அந்த வீட்டில் இருந்தவன் சாந்தியின் புருஷன் ஒருவன்தான். முதலாளியின் மகன். இவள் வாய் திறந்தால் அவன் ஜெயிலுக்குப் போவான். திறக்காவிட்டால் சாந்தி ஸ்டவ் வெடித்துச் செத்தவள்தான். இந்தப் பெண் தன் வீட்டையும் வேலையையும், ஏன், உயிரையும் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். நானோ, பாட்டுப் பாடவா என்று கேட்டவளுக்குச் சொல்வது போல, பயப்படாதே, சொல்லு என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. உட்கார்ந்தேன். அவள் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. யாராவது உங்களிடம் பயமாக இருக்கிறது என்று சொன்னால், உடனே பயப்படாதே என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தை நமக்கு வாயில் தயாராக இருக்கும். சுவிசேஷத்தில் தேவதூதர்கள் சொல்கிறார்கள், ஆண்டவரும் சொல்கிறார். ஆனால் அவர்கள் எதிரே நிற்கிறவரின் பயம் என்ன என்று தெரிந்து சொன்னார்கள். நாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எதுக்குப் பயம், யாரிடம் பயம் என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் சொல்ல மனம் வந்தால் சொல்லுங்கள்.

ஐயரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். முதலில் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“கோர்ட்டுக்குப் போறதும் போகாததும் ஒங்க இஷ்டம்மா. நான் தடுக்க மாட்டேன். ஆனா வெள்ளச் சேலையோட போகாதீங்க. வேதக்காரங்க தூண்டிவிட்டாங்கன்னு பேரு வந்துச்சுன்னா, இந்த ஊர்ல நாளைக்கு ஒரு வீட்டுக்குள்ளயும் நாம போக முடியாது.”

அவர் பயமும் நியாயமான பயம்தான். ஆனால் நாங்கள் பேசியதை மணி அடிக்கிற கோயில்குட்டியார் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ‘சர்ச்சுல சொல்லச் சொன்ன சாட்சிய கோர்ட்டுல போய்ச் சொல்லப் போறாளாம்’ என்று அது டீக்கடை வரைக்கும் வேடிக்கையாகப் போய்விட்டது.

பிறகு வந்த மாதங்களை எப்படி எழுத? பொன்னுத்தாய்க்கு நூல் கொடுப்பதை நிறுத்தினார்கள். வளவுக் குழாயில் அவள் குடம் வைத்தால் மற்ற பெண்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவர்களும் அதே வீட்டுக்காரருக்கு வாடகை கொடுக்கிறவர்கள்தானே. நான் தெருவில் நடந்தால் பின்னால் வருகிற சைக்கிள் தாண்டிப் போகிறவரை ஓரமாக நின்றுவிடுவேன். தறிச் சத்தம் திடீரென்று நின்றால் என்னைப் பார்க்கத்தான் நிறுத்தினார்களோ என்று இருக்கும். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தேன். என் வாசல்படி நடுவில் ஒரு மண்ணெண்ணெய்ப் பாட்டில். மூடி இல்லை. சிந்தாமல் நிமிர்த்தி வைத்திருந்தது. தனியாக இருக்கிறவள் நான். அதை வீட்டுக்குள் எடுக்கவும் பயம், கீழே ஊற்றவும் பயம். மத்தியானம்வரை அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக என் வாய் சும்மாவே ஜெபத்தை முணுமுணுக்கும். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து முதலாளியே வந்தார். சண்டைக்குத்தான் வந்தார் என்று நினைத்தேன். ஆனால் அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்தார். நரைத்த தாடி. சவரம் செய்து வெகுநாள் இருக்கும்.

“பைபிளம்மா, அந்தப் பாட்டில் சங்கதி எனக்குத் தெரியாது. எந்தம்பி பயக வேல. கண்டிச்சிட்டேன். நான் சண்டைக்கு வரல.”

நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அன்னைக்கு நான் மதுரைக்கு நூல் எடுக்கப் போயிருந்தேன். வந்து பாக்கையில எல்லாம் முடிஞ்சிபோச்சு. அவன் செஞ்சானா செய்யலையான்னு எனக்கு மேல இருக்கவனுக்குத்தான் தெரியும். ஒத்தப் பையம்மா. வேற பிள்ள கெடையாது.”

“நான் என்ன செய்ய முடியும் ஐயா?”

“பொய் சொல்லச் சொல்லி ஒங்ககிட்ட நான் கேப்பனா? உள்ளதச் சொல்லுங்க. நீங்க சொன்னது சர்ச்சுச் சாட்சி, அவ எடுத்துக்கிட்டது கோர்ட்டுச் சாட்சி. அதானே நெசம்? அத அவகிட்டச் சொல்லிருங்க. நான் ஒன்ன இதுக்கு அனுப்பல, நான் கூட வரலன்னு ஒரு வார்த்த. நீங்க இல்லன்னா அவ அந்த வாசப்படி ஏற மாட்டா. எனக்குத் தெரியும்.”

போகும்போது என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வாரம் கூட்டத்தில் நான் வாசிக்க வேண்டிய பகுதி, இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில் பேதுரு முற்றத்துத் தீயில் குளிர்காய்ந்துகொண்டிருக்கும் பகுதி. வேலைக்காரப் பெண் ஒருத்தி வந்து, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று கேட்கிறாள். சேவல் கூவுமுன் மூன்று தடவை அவர் இல்லை என்கிறார். எத்தனையோ தடவை அதை வாசித்திருக்கிறேன். பேதுரு பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் எல்லாரும் சுலபமாகச் சொல்வோம். அந்த வாரம் வாசித்தபோது வேறு விதமாகப் பட்டது. மற்றவர்கள் தோட்டத்திலிருந்தே ஓடிவிட்டார்கள். பயந்துகொண்டே என்றாலும் முற்றம்வரை வந்தவர் அவர். பாவம், அவருக்கு இல்லை என்று சொல்லப் பொய்தான் இருந்தது. எனக்கோ நல்ல உண்மை ஒன்று கையில் இருந்தது. நான் அவளை அனுப்பவில்லை என்பது உண்மை. அந்த உண்மையைச் சொல்லியே நான் இல்லை என்று ஒதுங்கிவிடலாம். யாரும் குறை சொல்ல முடியாது, எந்தச் சேவலும் கூவாது.

ஆனால் அவளுக்குச் சொல்லாமல் இருப்பதும் சரியில்லை. நான் எதை நினைத்துச் சொன்னேன் என்று தெரியாமல் என் வார்த்தையை நம்பி அவள் கூண்டில் ஏறக் கூடாது. ஆகவே போனேன். பொன்னுத்தாய் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அன்றைக்கு நான் நினைத்தது சபையில் சொல்கிற சாட்சியைத்தான், உன் மனதில் இருந்தது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அப்படி வேகமாகச் சொல்லியிருக்க மாட்டேன், இப்போதும் நீ வேண்டாம் என்றால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன் என்றேன்.

அவள் புடைப்பதை நிறுத்திவிட்டுச் சுளகைக் கீழே வைத்தாள்.

“நான் சொல்லதுல ஒண்ணும் மாத்தமில்லம்மா. அந்தக் கதவ நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. சொல்லித்தான் தீரணும்.” பிறகு மெதுவாக, “கூட நிக்கேன்னீகளே, அதுவும் அந்தச் சாட்சிக்குத்தானா?” என்றாள்.

“ஆமா.”

“அப்ப கோர்ட்டுக்கு வரமாட்டீகளா?”

தங்கச்சிமாரே, நம் வேலையில் வேதவசனம் கைகொடுக்காத இடம் ஒன்று வரும். எதிரே இருக்கிறவள் கேட்பது வசனத்தை அல்ல, வருவாயா மாட்டாயா என்பதை. எனக்கு மண்ணெண்ணெய்ப் பாட்டில் ஞாபகம் வந்தது. அந்தக் கிழவர் கும்பிட்டது ஞாபகம் வந்தது.

“வாரேன்,” என்றேன். அந்தத் தடவை என்ன கேட்கிறாள் என்று தெரிந்தே சொன்னேன்.

வழக்கு எடுப்பதற்குள் அவள் குடும்பத்தை வளவிலிருந்து காலி செய்ய வைத்துவிட்டார்கள். சாந்தியின் அம்மா சேத்தூரிலிருந்து வந்து, தன் வீட்டுப் பின்கட்டில் இடம் கொடுத்துக் கூட்டிப்போனாள். முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். மகனுக்குத் தண்டனை கிடைத்தது. முதலாளி தறிகளை விற்றுவிட்டு ஊரைவிட்டே போனார். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் சரியாக இருப்பதில்லை. பொன்னுத்தாய் சேத்தூரிலேயே இருந்துவிட்டாள். பிற்பாடு ஞானஸ்நானம் எடுத்தாள். ஆனால் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொன்னால் மட்டும் மாட்டாள். ‘அதான் சொல்லிட்டேனேம்மா’ என்பாள்.

அவள் சாட்சி சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக்குப் போனது மார்கழி மாதம். முதல் நாளே சேத்தூரிலிருந்து என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பஸ்ஸில் அவர்கள் ஆட்கள் கண்ணில் படக்கூடாது என்று விடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டோம். நான் பூப்போட்ட கலர்ச் சேலை கட்டியிருந்தேன். ஐயர் சொன்னதால் என்று பொன்னுத்தாயிடம் சொன்னேன். பாதி அதுதான். மீதி, என்னை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று.

“நல்லாத்தான் இருக்கு. இப்படிக் கட்டுனா பத்து வயசு கொறஞ்சு தெரியுதீக,” என்றாள். அன்றைக்கு அவளால் சிரிக்க முடிந்தது.

சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டோம். கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. கோர்ட்டு எதிரே டீக்கடை. குளிருக்கு பாய்லர் பக்கம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்குப் பகீர் என்றது. பேதுரு இப்படித்தானே நின்றார். கையை இழுத்துக்கொண்டு, குளிரட்டும் என்று ரோட்டோரமாகப் போய் நின்றேன். பொன்னுத்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. “பாய்லர் சுட்டுட்டாம்மா?” என்று கேட்டாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கோயிலுக்குள் போவது போல வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு. “யாராச்சும் மாட்டிக்கிட்டுப் போயிருவாக. வச்சிக்கோங்க,” என்று என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் ஜன்னல் பக்கம் வராந்தாவில் நின்றேன். அவர்கள் ஆட்கள் நாலைந்து பேர் அதே வராந்தாவில் நின்றார்கள்.

உள்ளே எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது காதில் விழுந்தது.

“நீ சர்ச்சுல சொல்ல வேண்டிய சாட்சிய இங்க மாத்திக் கொண்டாந்துட்டியாமே?”

உள்ளே சிரித்தார்கள். வெளியே நின்றவர்களும் சிரித்தார்கள். என் உடம்பெல்லாம் கூசியது.

சிரிப்பு அடங்கிய பிறகு பொன்னுத்தாயின் குரல் கேட்டது. சின்னக் குரல்தான்.

“எங்க சொன்னாலும் நாதாங்கி வெளியதான்யா கெடந்துச்சு.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வராந்தாவில் நின்றவர்களில் ஒருவர், முதலாளியின் தம்பி, திரும்பி என்னைப் பார்த்தார். கிட்டே வந்தார். பூப்போட்ட சேலையை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்மா, நீங்க யாரு? அந்தப் பொம்பள கூட வந்தவியளா?”

எனக்குப் பதில்கள் தெரிந்திருந்தன. நான் வேறு வேலையாக வந்தேன் என்று சொல்லலாம். செருப்பைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல நகர்ந்து போகலாம். நாக்கு அசையவில்லை. பேச்சு வராததால் கையில் இருந்த அவள் செருப்பை மட்டும் ஆமாம் என்பது போலக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன்.

அவர் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தரையில் எச்சில் துப்பிவிட்டு நகர்ந்து போனார்.

பயம் அப்போதும் போகவில்லை. பயம் போன பிறகு கூட நிற்கலாம் என்று நீங்கள் காத்திருக்காதீர்கள். நான் நின்ற நேரம் முழுக்க அதுவும் என்னோடு கூடவேதான் நின்றது.

பொன்னுத்தாய் வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. என் முன்னால் வந்து நின்று வெறுங்காலைத் தேய்த்தாள்.

“கையத் தெறங்கம்மா,” என்றாள். “செருப்பப் போடணும்.”

என் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. ஊக்கு குத்தி ஒரு விரலில் ரத்தம் வந்திருந்தது. தழும்பு விழுந்த அந்தக் கையால் ஒவ்வொரு விரலாக அவளேதான் பிரித்து எடுத்தாள்.